பாதியில் அறைக்கு அனுப்பிய படமும் கிணற்றடிப் பயமும்

கேள்வி: நான் கிழக்கிலங்கையில் தம்பிலுவிலில் இருந்து எழுதுகிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார், லீவு முடிந்து திரும்பிப் போய் இரண்டு மாதம். வீட்டில் நான், மகள், என் அம்மா, என் தம்பி. மகளுக்கு எட்டரை வயது, நாலாம் ஆண்டு படிக்கிறாள். அம்மாவுக்கு இரவு எட்டரைக்குப் பாம்புச் சீரியல் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமைகளில் தம்பி பென் டிரைவில் பேய்ப் படம் கொண்டுவருவான். எனக்கும் அது பிடிக்கும், மறைக்க விரும்பவில்லை. வாரத்தில் நான் வாய்விட்டுக் கத்திச் சிரிப்பது அந்த இரண்டு மணி நேரம்தான்.

நாலு வாரத்துக்கு முந்தி ஒரு படம். கிணற்றுக்குள் இருந்து ஒரு பெண்ணின் கை மேலே வந்த இடத்தில், "நீ பார்க்காதே, உள்ளே போய்ப் படு" என்று மகளை அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து பொழுது பட்டால் கிணற்றடிக்கு வரமாட்டாள். எங்கள் குளியலறையும் அங்கேதான். லைட்டை அணைக்க விடமாட்டாள். இரவில் இரண்டு மூன்று தரம் எழும்பி என்னைத் தொட்டுப் பார்க்கிறாள். ஒருநாள், "கிணத்துக்குள்ள விழுந்தா ஆரம்மா தூக்கி எடுக்கிற? அப்பாவும் இல்லயே" என்று கேட்டாள். "வாயை மூடு, அப்படியெல்லாம் சொல்லாதே" என்று ஏசிவிட்டேன். அம்மா கோயிலில் நூல் கட்டவேண்டும் என்கிறார். தம்பி, பார்த்துப் பார்த்துத்தான் பயம் போகும் என்கிறான். அவர் போனில், டிவியை விற்றுவிடு என்கிறார். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

மகளை எந்த இடத்தில் உள்ளே அனுப்பினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. கை மேலே வந்த இடம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், சீரியல் முடிந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அநேகமாகத் தெரியும். வீட்டில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. அவளுடைய படத்தில் அந்தக் கை நாலு வாரமாக அப்படியே கிணற்று விளிம்பில் இருக்கிறது.

நம் வீடுகளில் அறை வாசலுக்குக் கதவு இருந்தாலும் இரவில் திரைச்சீலைதான் தொங்கும். அவள் உள்ளே போய்ப் படுத்தாள், படம் ஓடிக்கொண்டிருந்தது. காட்சி கண்ணுக்கு இல்லை, சத்தம் மட்டும் காதுக்கு வந்தது. பேய்ப் படத்தில் பயத்தின் பெரும் பங்கு சத்தத்தில்தான் இருக்கிறது. நம்பாவிட்டால் இந்த வெள்ளிக்கிழமை ஒரு படத்தைச் சத்தமில்லாமல் ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் கூந்தலை விரித்துக்கொண்டு மெதுவாக நடப்பாள், அவ்வளவுதான். ஆக, மகளுக்கு நீங்கள் பயத்தைக் குறைத்துக் கொடுக்கவில்லை. படத்தை எடுத்துவிட்டு, பயத்தின் சத்தத்தைக் கையில் கொடுத்து, இருட்டறைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளையைக் காக்க நினைக்கிற எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். நானும் என் மகனுக்குச் செய்திருக்கிறேன்.

வீட்டில் படம் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தியேட்டரில் பார்த்த பேயை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். வெளியே வந்து ஒரு தேத்தண்ணி குடித்து, சைக்கிள் எடுத்து வீட்டுக்கு வருவதற்குள் பாதி இறங்கிவிடும். வீட்டு டிவி அப்படியில்லை. அவள் சாப்பிடுகிற, வீட்டுவேலை எழுதுகிற அதே ஹோலில்தான் அந்தப் பெண் கிணற்றிலிருந்து வந்தாள். டிவி அணைந்த பிறகும் அந்தக் கறுப்புக் கண்ணாடி அங்கேயே நிற்கிறது. அதோடு உங்கள் வீட்டில் உண்மையான கிணறும் இருபது அடி தள்ளி இருக்கிறது.

இனி மகளுடைய வயது. எட்டரை என்பது ஒரு திருப்பமான வயது. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கான்டர் என்ற பேராசிரியை பிள்ளைகளும் பயமுறுத்தும் படங்களும் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் உருவத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று அவர் கண்டார். கோரமான முகம் என்றால் அது நல்லதோ கெட்டதோ அவர்களுக்குப் பயம்தான். "இது பொய், நடிப்பு" என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த வயதில் ஏறாது. மடியில் தூக்கி வைத்து, ஒரு கோப்பை பால் கொடுத்து, டிவியை அணைத்தால் அடங்கும். எட்டு வயதுக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. இப்போது உருவத்தைவிட, "இது எனக்கு நடக்குமா?" என்ற கேள்விதான் பெரிதாகிறது. அந்த வயதில் விளக்கம் வேலை செய்யும். உங்கள் மகள் அந்தப் படியில்தான் நிற்கிறாள். அவள் கேட்ட கேள்வியே அதற்குச் சாட்சி.

1999இல் கான்டரும் இன்னொருவரும் பல்கலைக்கழக மாணவர்களிடம் சிறு வயதில் பார்த்துப் பயந்த படங்களைப் பற்றிக் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி ஒன்று நினைவில் இருந்தது. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் வளர்ந்த பிறகும் இருந்தது. அதனால், "சின்னப் பிள்ளை, இரண்டு நாளில் மறந்துவிடுவாள்" என்று விடக்கூடாது. அதே நேரம் உங்கள் மகளுக்கு வந்திருப்பது நோயும் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதுதான்.

சரி, வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். தம்பியில் இருந்து தொடங்குகிறேன்.

தம்பி சொல்வதில் ஒரு கரு இருக்கிறது. பயப்படுகிற ஒன்றை மெல்ல மெல்ல நெருங்கித்தான் பயம் குறையும், பிள்ளைகளோடு வேலை செய்கிற நாங்களும் அதையே செய்விக்கிறோம். ஆனால் நெருங்குகிற வேகம் பிள்ளையின் கையில் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை இரவு லைட்டை அணைத்து, சத்தத்தைக் கூட்டி, இன்னொரு படத்தைப் போட்டு அவளை நடுவில் இருத்துவது நீச்சல் பழக்குகிறேன் என்று ஆற்றுவாயில் தள்ளிவிடுவது போலத்தான்.

தம்பிக்கு வேறு வேலை இருக்கிறது, அதற்கு அவர்தான் சரியான ஆள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, யன்னல் எல்லாம் திறந்து, வெயில் உள்ளே விழுகிற நேரத்தில், மகளை இருத்தி அந்தப் படத்தின் கதையை முடிவுவரை வாயால் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பெண் யார், ஏன் கிணற்றுக்குள் போனாள், கடைசியில் என்ன ஆயிற்று. படத்தைப் போடவேண்டாம், கதை மட்டும். நடுவில் அவள் கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்லட்டும். கதை முடிந்த பிறகு, அவள் தானாகக் கேட்டால் மட்டும், அந்த ஒரு காட்சியைச் சத்தம் இல்லாமல் போடலாம். ரிமோட் அவள் கையில். நிறுத்தவும் பின்னுக்கு ஓட்டவும் அவளுக்குத்தான் உரிமை. கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். "என்ன, பயமா?" என்று ஒருவரும் சிரிக்கக்கூடாது.

அப்புறம் அந்தக் காட்சியை எப்படி எடுத்திருப்பார்கள் என்று பேசுங்கள். கிணறு பலகையிலும் சீமெந்திலும் கட்டிய செட்டாக இருக்கும். கைக்குச் சாயம் பூச ஓர் ஆள், பக்கத்தில் விளக்குப் பிடிக்க ஓர் ஆள். எலும்பு முறிகிற சத்தத்துக்கு வெளிநாட்டு ஸ்டூடியோக்களில் செலரித் தண்டை மைக்குக்கு முன்னால் வைத்து முறிப்பார்கள். நீங்கள் முருங்கைக்காயை முறித்துக் காட்டுங்கள். அவளையும் முறிக்க விடுங்கள். அன்று மத்தியானம் அதையே கறிக்கு வையுங்கள்.

இது என் சொந்த யோசனை என்று நினைக்கவேண்டாம். 1939இல் வந்த ஓர் அமெரிக்க மாயாஜாலப் படத்தில் பச்சை முகத்தோடு சூனியக்காரியாக நடித்தவர் மார்கரெட் ஹமில்டன். நடிக்க வருமுன் அவர் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். தன் முகத்தைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பயந்துபோவது அவருக்கு வருத்தமாக இருந்தது. 1975இல் சிறுவர்களுக்கான ஒரு டிவி நிகழ்ச்சிக்கு வந்து, அந்தக் கறுப்புப் பாவாடையையும் தொப்பியையும் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக அணிந்து காட்டினார். புன்னகையோடு இருந்த ஒரு வயதான அம்மா, உடுப்பு மாறினதும் சூனியக்காரியானார்.

நமக்கு அது புதிதா? எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து ஆடுகிற நாளில் நான் அரக்கனுக்குப் பயந்து அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்த பிள்ளை. அடுத்த வருடம் மாமா என்னைப் பின்னேரமே ஒப்பனை போடுகிற கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரக்கன் பனையோலைப் பாயில் சப்பாணி கட்டி இருந்தார். ஒரு கன்னத்துக்கு அரிதாரம் பூசியாயிற்று, மறு கன்னம் வெறுமையாக இருந்தது. வெறுங்கன்னத்தைப் பார்த்தால் எங்களுக்கு நெல் அவித்துத் தருகிற வீட்டுப் பெரியப்பா. "என்ன மனே, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அன்று விடிய விடிய நான் களரிக்கு முன்னாலேயே இருந்தேன். பயம் போகவில்லை, அவர் குதித்து வரும்போது நெஞ்சு அடித்தது. ஆனால் அது இனிப்பான பயம். உங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் வருகிறதே, அதேதான்.

அம்மா சொல்கிற நூலைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டட்டும். தம்பிலுவில் கண்ணகி அம்மனின் முன்னால் வளர்ந்த பிள்ளைக்கு அம்மன் துணை என்ற எண்ணம் ஒரு பெரிய பலம், அதைப் பிடுங்க எனக்கு மனமும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் கட்டும்போது சொல்கிற வார்த்தையைக் கவனியுங்கள். "பேய் அண்டாமல் இருக்கக் கட்டுகிறோம்" என்று சொன்னால், பேய் இருப்பதை வீட்டுப் பெரியவரே உறுதிப்படுத்தின மாதிரி ஆகிவிடும். நூல் தண்ணீரில் அறுந்த நாள் அவள் செத்தே போவாள். "அம்மன் உன்னோடு இருக்கிறா" என்று மட்டும் சொல்லிக் கட்டுங்கள், போதும். பரிகாரி, பேயோட்டுகிற ஆள் என்று யாரிடமும் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். நெருப்பு, புகை, வேப்பிலை அடி என்று ஒருவரும் பிள்ளையைத் தொட விடாதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் ஒன்று கேட்கவேண்டும். சாப்பிடாவிட்டால் பேய் வரும், அழுதால் பிடித்துக்கொண்டு போகும் என்கிற பேச்சை இந்த இரண்டு மாதத்துக்காவது நிறுத்தச் சொல்லுங்கள்.

சீரியல் விடயம் சிக்கலானது, ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் நடப்பது. பாம்பு உருமாறுகிற இடத்தில், கத்தி ஓங்கின இடத்தில் காட்சி உறைந்து "தொடரும்" வரும். அம்மாவுக்கு அது நாளைக்குக் காத்திருக்கிற சுகம். பிள்ளைக்கு அது இன்னொரு பாதிக் கதை, அதையும் எடுத்துக்கொண்டுதான் படுக்கைக்குப் போகிறாள். எட்டரைக்கு அவளை அங்கிருந்து எழுப்பி அறைக்கு அனுப்பினால் மறுபடியும் அதே தவறுதான், சத்தம் திரைச்சீலைக்குள்ளால் போகும். அம்மாவுக்குச் சீரியலை மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில் போனில் போட்டுக் கொடுங்கள். பெரும்பாலான சீரியல்கள் மறுநாள் இணையத்தில் கிடைக்கும். வேண்டுமானால் இரண்டு நாள் பகுதியைச் சேர்த்துப் பார்க்கலாம். முதல் வாரம் முகம் சுளிப்பார். "பேத்திக்காக" என்று நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டார்.

கணவர் சொல்கிற மாதிரி டிவியை விற்கவேண்டாம். விற்றால் மகள் என்ன நினைப்பாள்? அந்தப் பெட்டிக்குள் உண்மையிலேயே ஏதோ இருந்தபடியால்தான் அப்பா விற்றுவிட்டார் என்று. டிவியை விடப் போனைக் கவனியுங்கள். யூடியூபில் அடுத்தடுத்துத் தானாக ஓடுகிற வீடியோக்களையும் முகப்புப் படங்களையும் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவது உண்டு. அந்தத் தானியங்கி ஓட்டத்தை அமைப்புக்குள் போய் அணைத்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் இருந்தால் அவளுக்குத் தனிச் சிறுவர் கணக்கு வைத்து, உங்கள் கணக்குக்கு இரகசிய எண் போடுங்கள். இந்தியப் படங்களின் சான்றிதழையும் பார்க்கப் பழகுங்கள். பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்பதற்கு முன்பு யூஏ என்று மொத்தமாக இருந்ததை 2024இல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 13 போட்ட படத்தை எட்டரை வயதுக்குக் காட்டவேண்டியதில்லை. பென் டிரைவில் வருகிற படத்துக்கு இது ஒன்றும் தெரியாது, அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

மாயாஜாலம் முழுவதையும் அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். பறக்கிற கம்பளம், பேசுகிற மிருகம், காட்டுக்குள் தொலைந்து வழி கண்டுபிடிக்கிற பிள்ளை, இப்படியான படங்களை ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளோடு இருந்து பாருங்கள். ஒரே விதி, தொடங்கினால் முடிக்கவேண்டும், அல்லது முடிவைச் சொல்லிவிட்டு அணைக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சத்தம் என்றால் எல்லாமே பயமா என்று மகள் கேட்டால் மட்டக்களப்புக் கல்லடிப் பாடும் மீன்களைச் சொல்லுங்கள். நிலாக் காலத்தில் வாவிக்குள்ளிருந்து வருகிற அந்த ஒலியைத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறு முனையில் காதை வைத்துக் கேட்பார்கள். ஆள் தெரியாத சத்தம்தான், இரவுதான், தண்ணீருக்குள்ளிருந்துதான். ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து, "கேட்டியா, பாடுது" என்று சொன்னதால் நாங்கள் யாரும் பயந்ததில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "கிணத்துக்குள்ள விழுந்தா ஆரம்மா தூக்கி எடுக்கிற? அப்பாவும் இல்லயே."

தங்கச்சி, இந்தக் கேள்வியில் பேய் எங்கே இருக்கிறது? அவள் பேயைப் பற்றிக் கேட்கவே இல்லை. கிணற்றுக்குள் இருந்து ஏறி வருகிறவளை விட, கிணற்றுக்குள் விழுந்து ஏறமுடியாமல் கிடக்கிறவளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அப்பா போய் ஒரு மாதத்தில் அந்தப் படம் வந்திருக்கிறது. இரவில் எழும்பி உங்களைத் தொட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது, நீங்களாவது இருக்கிறீர்களா என்று. 2004 கடற்கோளுக்குப் பிறகு நம் கரையோர முகாம்களில் பிள்ளைகளோடு இருந்தபோது நான் ஒன்று கற்றேன். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்கே பதில் வேண்டும். "அப்படிச் சொல்லாதே" என்பது பதில் ஆகாது. அதுவும் பாதியில் அறைக்கு அனுப்புவதுதான்.

ஆகவே பதில் சொல்லுங்கள், வாயாலும் கையாலும். ஒரு விடுமுறை நாள், வெயில் சாய்ந்து விழுகிற காலை நேரம், முகம் பார்க்கும் கண்ணாடியோடு அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போங்கள். கட்டுக்கு வெளியே நின்று, நீங்கள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வெயிலைக் கண்ணாடியில் பிடித்து உள்ளே அடிக்க விடுங்கள். நம் கரையோர மணலில் கிணறுகள் அவ்வளவு ஆழமில்லை, வெளிச்சம் அடிவரை போகும். நுளம்புக்காக விட்ட மீன்குஞ்சுகள் இருந்தால் வெளிச்சத்துக்கு மேலே வரும். எண்ணச் சொல்லுங்கள். கயிறு எங்கே கிடக்கிறது, மாமா எப்படி இறங்குவார், பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடவேண்டும் என்று காட்டுங்கள். மூடி இல்லாத கிணறு என்றால் கம்பி வலை போட்டு மூடுங்கள், அதை அவள் கண் முன்னால் செய்யுங்கள். அவளுடைய பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது, திறந்த கிணறு எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆபத்துத்தான்.

பிறகு பின்னேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. முதல் மூன்று நாள் ஐந்தரைக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு மைம்மல் நேரத்தில், நீங்கள் குசினி வாசலில் நின்று அவளோடு கதைத்துக்கொண்டு. பிறகு டோர்ச்சோடு. ஒரு நாள் பின்வாங்கினால் முதல் நாளுக்கு வாருங்கள், ஏசவேண்டாம். அறையில் சின்ன இரவு லைட் ஒன்று எரியட்டும்.

கணவரிடம் டிவியைப் பற்றிப் பேசுவதை விட்டு, மகள் கேட்ட அந்தக் கேள்வியைச் சொல்லுங்கள். கட்டாருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரந்தான் வித்தியாசம். மகள் படுக்கிற எட்டரைக்கு அவருக்கு மாலை ஆறு மணி. வேலை முடிந்திருந்தால் ஐந்து நிமிடம் வீடியோவில் வரட்டும். "நான் வரும்வரை உன்னைத் தூக்குகிறது மாமா, அம்மா, பக்கத்து வீட்டு அங்கிள்" என்று அவர் வாயாலேயே பெயர் பெயராகச் சொல்லட்டும். சீரியல் நின்ற நேரத்தில் அந்த அழைப்பு வரட்டும்.

ஒரு மாதத்துக்குள் குறையவில்லை என்றால், அல்லது பகலிலும் பயந்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், படுக்கையை நனைக்கத் தொடங்கினால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசவேண்டுமானால் தேசிய மனநல உதவி எண் 1926. தூங்கிய கொஞ்ச நேரத்திலேயே கத்தி எழும்பி, உங்களை அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால் அது கெட்ட கனவு இல்லை, ஆழ்ந்த தூக்கத்தில் வருகிற வேறொன்று. உலுப்பி எழுப்பவேண்டாம், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும், அடிக்கடி வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். புலமைப்பரிசிலை இப்போதைக்கு இதற்குள் இழுக்காதீர்கள்.

உங்கள் வெள்ளிக்கிழமையை விடவேண்டாம். கணவர் தூரத்தில், வீட்டுப் பாரம் முழுவதும் உங்கள் தலையில், தம்பியோடு இருந்து கத்திச் சிரிக்க வாரத்தில் இரண்டு மணி நேரம் வேண்டும். மகள் நன்றாகத் தூங்கிய பிறகு போடுங்கள். இரண்டு பேருக்கும் காதில் மாட்டுகிற கருவி ஆளுக்கொன்று வாங்குங்கள். படம் நடந்துகொண்டிருக்கும்போது அவள் எழும்பி வந்து திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றால், ரிமோட்டைத் தேடி அவசரப்படாமல் படத்தை நிறுத்தி, லைட்டைப் போட்டு, மடியில் இருத்தி, அதுவரை என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டு, நீங்களே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வையுங்கள்.